முப்பத்தேழாவது சொல்

போன வாரம் மருமகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே சமையலறையிலிருந்து கேட்டாள். "மாமா, ஓ, சி, ஹெச், டி, ஆர். நடுவுல ஹெச் இருக்கு, அது இல்லாம எந்த வார்த்தையும் செல்லாதாம். அஞ்செழுத்துல ஒண்ணு இருக்குன்னு காட்டுது, மாட்ட மாட்டேங்குது." நான் கூடத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே "டார்ச்" என்றேன். "எப்படி மாமா பாக்காமலே சொல்றீங்க?" என்று வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். வெங்காயம்மா என்று சொல்லி எழுந்து போனேன். நல்லவேளை, கையில் அது இருந்தது.

பங்காளி, நீ போய் இன்னும் நாற்பது நாள் முடியவில்லை. நாம் பேசிக்கொள்ளாத வருடங்களைக் கணக்கில் எடுத்தால், என் வரைக்கும் நீ எப்போதோ போயிருக்க வேண்டியவன். போகவில்லை. எங்கேயாவது எழுத்துக் கட்டம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், வந்து எதிரில் உட்கார்ந்துகொள்வாய். நமக்குள் நடந்தது உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒன்று விடாமல் எழுதப் போகிறேன். என் மகனும் இதைப் படிப்பான். அவனுக்கு நான் இதுவரை சொல்லி வைத்திருக்கும் கதையில் பாதி பொய்.

எழுபதுகளின் கடைசி. அரியலூர்ப் பக்கம், அடுத்தடுத்த இரண்டு சின்ன ஸ்டேஷன்கள். ஒன்றில் நீ உதவி ஸ்டேஷன் மாஸ்டர், இன்னொன்றில் நான். நடுவில் பதினோரு கிலோமீட்டர் ஒற்றைத் தண்டவாளம். உன் பக்கமிருந்து வண்டி கிளம்ப வேண்டுமானால் நீ போனில் என்னிடம் அனுமதி கேட்பாய். அதற்கு லைன் கிளியர் என்று பேர். அதைக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருந்தது. என் ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு ரயில்வே கேட். அங்கே மருதமுத்து என்று ஒரு கேட் கீப்பர். அவருக்கு நான் தனிப் போனில் அடித்து வண்டி வருகிறது என்று சொல்ல வேண்டும். அவர் கேட்டைச் சாத்திவிட்டு, தன்னிடம் இருக்கும் அச்சடித்த தாளிலிருந்து ஒரு ரகசிய எண்ணைச் சொல்வார். இரண்டு இலக்கம். வரிசையாகத்தான் சொல்ல வேண்டும், சொன்னதும் அதைத் தாளில் அடித்துவிட வேண்டும். அந்த எண் கிடைத்தால் கேட் சாத்தியாகிவிட்டது என்று அர்த்தம். அதை ரெஜிஸ்டரில் எழுதின பிறகுதான் உனக்கு லைன் கிளியர்.

நாம் நேரில் பார்த்துக்கொண்டது மாதம் ஒருமுறை, சம்பள நாளில். மற்றபடி நீ எனக்கு ஒரு குரல். திருமானூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் அறுப்பறுத்த குடும்பத்திலிருந்து முதல் ஆளாய் அரசாங்க வேலைக்கு வந்தவன் நீ. குரும்பலூரில் நாலு ஏக்கர் மானாவாரி நிலத்தை வைத்துக்கொண்டு நாலு ஊருக்கு மிராசு மாதிரிப் பேசும் வீட்டுப் பிள்ளை நான். உன் சிரிப்பு முதலில் கேட்கும், பிறகுதான் பேச்சு வரும்.

ஆட்டத்தை ஆரம்பித்தது நீதான். நீ இங்கிலீஷில் எழுதி அனுப்பிய விளக்கக் கடிதம் ஒன்றை ஓர் அதிகாரி நாலு பேர் முன்னால் சத்தமாகப் படித்துச் சிரித்திருக்கிறார். அன்று சாயங்காலம் போனில் உனக்குச் சிரிப்பே வரவில்லை. "இவனுங்க இங்கிலீஷை எழுத்து எழுத்தாப் பிரிச்சு மேயணும்யா" என்றாய். நம் இருவருக்குமே தமிழ் வழிப் படிப்பு. இங்கிலீஷ் நமக்கு சர்க்குலரும் மெமோவும்தான். வண்டியில் வரும் ரயில் கார்டு ஒருத்தர் படித்து முடித்த ஆங்கிலப் பேப்பரை உனக்குக் கொடுத்துவிட்டுப் போவார். அதில் வாரம் ஒருநாள் ஒரு கட்டம் வரும். ஒன்பது எழுத்து, நடுவில் ஒன்று. நடு எழுத்து கட்டாயம் இருக்க வேண்டும், நாலு எழுத்துக்குக் குறையக் கூடாது, கட்டத்தில் ஓர் எழுத்து எத்தனை தடவை இருக்கிறதோ அதற்கு மேல் எடுக்கக் கூடாது. நீ எழுத்துகளைப் போனில் படிப்பாய், நான் எழுதிக்கொள்வேன். வண்டி இல்லாத நேரத்தில் இரண்டு பேரும் தேடுவோம்.

உனக்கு ஒரு முறை இருந்தது. சும்மா கிடைக்கிறதை முதலில் ஓரமாக எடுத்து வை என்பாய். "சி-யும் ஹெச்-சும் புருசன் பொண்டாட்டி. சண்டை போட்டாலும் சேர்ந்துதான் போவும். அதைப் புடிச்சு முன்னால ஒருதரம் வை, பின்னால ஒருதரம் வை" என்பாய். எனக்கு முறையும் கிடையாது, பொறுமையும் கிடையாது. எழுத்துகளையே முறைத்துக்கொண்டிருப்பேன், திடீரென்று ஒன்று எழுந்து வரும். நம் ஆட்டத்துக்கு ஒரு தனிச் சட்டம் போட்டிருந்தாய்: தமிழில் அர்த்தம் சொன்னால்தான் சொல் செல்லும். உன் மேசையில் ஒரு கையடக்க அகராதி. நான் சொன்னதை நீ புரட்டிப் பார்க்கும் சத்தம் போனில் கேட்கும். அதற்குப் பிறகு வரும் "செல்லும்" என்ற ஒரு வார்த்தைக்காக நான் சோற்றைக்கூட மறந்து உட்கார்ந்திருப்பேன். வாராவாரம் யார் எத்தனை என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நீ எழுதி வைப்பாய். எனக்கு நோட்டெல்லாம் கிடையாது. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம்தான்.

அந்தத் தாள்தான் எமன். கேட்டிலிருந்து மருதமுத்து சொல்லும் எண்ணை நேராக ரெஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது விதி. நான் கைக்குக் கிட்ட இருக்கும் நாட்காட்டித் தாளில் முதலில் கிறுக்கிக்கொள்வேன், பிறகு நிதானமாக ரெஜிஸ்டரில் ஏற்றுவேன். ஆட்டத்தின் கணக்கும் அதே தாளில். அதற்கு ஒரு வட்டமோ கோடோ போட்டு வைக்கக்கூடத் தோன்றியதில்லை. நீ ஒருதரம் எச்சரித்தாய். "யோவ், ரெண்டையும் ஒண்ணா எழுதாத. சோத்தையும் சாம்பலையும் ஒரே எலையில போடுற மாதிரி இருக்கு." எனக்குத் தெரியும், நீ உன் வேலையைப் பார் என்றேன்.

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த மாதம். ஆலைக்குப் போகும் மாட்டு வண்டிகள் காலையிலிருந்தே கேட்டில் வரிசை கட்டி நிற்கும். பத்து மணிக்கு நீ எழுத்துகளைப் படித்தாய். எஸ், ஏ, டி, ஆர், ஹெச், இ, ஆர், சி, ஓ. நடுவில் ஹெச். அரை மணியில் எனக்கு முப்பத்தாறு, உனக்கு முப்பத்தைந்து. அப்போது நீ சொன்னாய்: "ஒன்பதெழுத்தும் மாட்டிருச்சு பங்காளி. கல்யாண வூட்டுல பாட்டு போடுவானுங்கள்ல, ஆர்கெஸ்ட்ரா. அதோட எனக்கும் முப்பத்தாறு, சரிக்குச் சரி. ஒன்பதெழுத்துக்கு ஒரு வார்த்தைதான் இருக்கும். ஆட்டம் முடிஞ்சுது, ஒத்துக்க."

ஒத்துக்கொள்கிற ரத்தமா என்னுடையது? எழுத்துகளையே முறைத்துக்கொண்டிருந்தேன். சி, ஏ, ஆர், டி தனியாக நின்றது. மிச்சத்தைப் பார்த்தேன், குதிரை நின்றது. "இன்னொண்ணு இருக்குய்யா. கார்ட்ஹார்ஸ்." "அர்த்தம்?" என்றாய். "வண்டிக் குதிரை." அகராதியைப் புரட்டினாய். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. "செல்லும்" என்றாய், பிறகு அந்தச் சிரிப்பு. "படுபாவி, எழுத்தைக் குலுக்கிப் போட்டு இன்னொண்ணு எடுத்துட்டியே." நாட்காட்டித் தாளில் 37 என்று எழுதினேன். வேலைக்குச் சேர்ந்த நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

போனை வைத்தேனோ இல்லையோ, வாழைத்தார் கட்டோடு ஒருத்தர் வந்து பார்சல் எடுக்க மாட்டேன் என்றதற்குச் சண்டை பிடித்தார். நான் விடுவேனா? பத்து நிமிடம் வெளியே நின்று இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். சூடு தணியாமல் உள்ளே வந்து உட்கார்ந்தபோது உன் போன். "பாசஞ்சர் வந்து நிக்குது. லைன் கிளியர் குடு." நாட்காட்டித் தாளைப் பார்த்தேன். 37. மை காய்ந்து பளிச்சென்று இருந்தது. கேட்டுக்கு அடித்தாகிவிட்டது, மருதமுத்து எண் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதுகூட இல்லை, கை தானாக எழுதிற்று. ரெஜிஸ்டரில், கேட் எண் என்ற இடத்தில், 37. உனக்கு லைன் கிளியர் கொடுத்தேன்.

சற்று நேரத்தில் மறுபடி கூப்பிட்டாய். "வண்டி கிளம்பி நாலு நிமிசம் ஆச்சு. சரி, நோட்டுல ஏத்திக்கிறேன். நான் முப்பத்தாறு. நீ முடிவா எத்தனை?"

தாளைப் பார்த்து, "முப்பத்தேழு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. தாளில் ஒரே ஒரு 37. ரெஜிஸ்டரிலும் ஒரு 37. கேட் எண் எங்கே? தாளைத் திருப்பினேன், மேசைக்கு அடியில் பார்த்தேன்.

"பங்காளி, கேட்டுக்கு நான் அடிக்கல."

நீ எப்படி என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. "அடி. விடாம அடி. கேட்டுக்கு வர எட்டு நிமிசம் இருக்கு. நான் நேரம் பாத்துச் சொல்றேன்" என்றாய். உன் போன் ஒரு காதில், கேட் போன் இன்னொரு காதில். சுற்றினேன், சுற்றினேன், எடுப்பார் இல்லை. தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனிடம் சிவப்புக் கொடியைக் கொடுத்துச் சைக்கிளில் விரட்டினேன். அந்த மணல் பாதையில் அவன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "மூணு" என்றாய். "ஓடைப் பாலம் தாண்டியிருக்கும்" என்றாய். "அஞ்சு." உன் குரல் ஒரே மாதிரி இருந்தது. அது மட்டும் இல்லாவிட்டால் நான் போனைப் போட்டுவிட்டு எங்கேயாவது ஓடியிருப்பேன்.

ஆறு என்று நீ சொன்னபோது மருதமுத்து எடுத்தார். "சார், கரும்பு வண்டி ஒண்ணு தண்டவாளத்து மேல அச்சு முறிஞ்சு நிக்குது. தள்ளிக்கிட்டு இருந்தோம், அதான் எடுக்க முடியல. சொல்லுங்க சார்."

"பாசஞ்சர் வருதுய்யா."

"நீங்க சொல்லவே இல்லீங்களே சார்" என்றார். கோபமாகக்கூட இல்லை. போன் தொங்கிக்கொண்டிருந்தது போலிருக்கிறது, எல்லாம் கேட்டது. மாட்டை அவுருங்கடா என்று யாரோ அலறினார்கள். தொலைவில் ஊதல். அது விடாமல் கிட்ட வந்தது. பிறகு மரம் நொறுங்கும் சத்தம். இன்னொரு காதில் நீ "எட்டு" என்றாய்.

உயிர் ஒன்றும் போகவில்லை. மருதமுத்து சிவப்புக் கொடியோடு வண்டியை நோக்கி ஓடியிருக்கிறார். டிரைவர் பார்த்துப் பிரேக் பிடித்ததில் வேகம் பாதியாயிற்று. மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். கரும்பு வண்டி மட்டும் சுக்குநூறு. ஓடினவர் ஜல்லியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நான் நேரத்துக்குச் சொல்லியிருந்தால் கேட் சாத்தியிருக்கும், அந்தக் கரும்பு வண்டி தண்டவாளத்தில் ஏறியே இருக்காது. இதைப் புரிந்துகொள்ள பெரிய மூளை வேண்டாம்.

அதற்குப் பிறகு நான் செய்தது இருக்கிறதே, அதை எழுதத்தான் இத்தனை பக்கம். அன்று மாலையே அந்த நாட்காட்டித் தாளை வெந்நீர் அடுப்பில் போட்டேன். விசாரிக்க வந்தவர்கள் ரெஜிஸ்டரைப் பார்த்தார்கள். கேட் எண் 37, என் கையெழுத்து. மருதமுத்துவின் தாளை எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் கீழே ஒரு 37 இருந்தது, அடிக்காமல். வரிசை மாற்றி எண்ணைச் சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்தாமல் விட்டுவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். "எனக்குப் போனே வரலீங்க" என்று அந்த மனிதர் கட்டுப்போட்ட கையோடு சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் பேச்சுக்கும் ரெஜிஸ்டருக்கும் நடுவில் யாருக்கு மரியாதை? அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். வேலையே போகும் என்று பேச்சு. நான் வாய் திறந்து அவர்மேல் பழி சொல்லவில்லை. ரெஜிஸ்டர் சொல்லட்டும் என்று சும்மா இருந்தேன். என் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். அதை ஒரு சாக்காக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் உன் போன். "எப்ப சொல்லப் போற?"

"எதை?"

"யோவ், அந்த ஆளு அன்னைக்கு ஓடலைன்னா எத்தனை பேரு போயிருப்பான்? அவன் சோத்துல மண்ணைப் போட்டுட்டு நமக்குத் தூக்கம் வருமா? வர்ற திங்கக்கெழமை விசாரணை. நீயே சொல்லிரு. நீ சொன்னாத்தான் மரியாதை. கூட நான் வந்து நிக்கிறேன்."

அப்போது நான் சொன்னேன். இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாத வாக்கியம். "அவன் உங்க ஆளு. அதான் உனக்குப் பொங்குது."

"வை போனை" என்றாய். வைத்தேன். அந்த நிமிடமே மறுபடி அடித்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கை எடுக்கவில்லை. என் வீட்டில் சோற்றோடு ஊட்டி வளர்த்த திமிர் அது.

திங்கட்கிழமை விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள். மருதமுத்து சுவரோரம் நின்றுகொண்டிருந்தார், எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். வராமல் இருக்கமாட்டாயா என்று குலசாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். வந்தாய். யாரையும் பார்க்காமல் அந்த நாற்பது பக்க நோட்டை மேசையில் விரித்து வைத்தாய். நான் 36, அவன் 37, கடைசிச் சொல் கார்ட்ஹார்ஸ் என்று உன் கையெழுத்தில், அன்றைய தேதியோடு.

"இந்த முப்பத்தேழு கேட் நம்பர் இல்லைங்க சார். எங்க ஆட்டக் கணக்கு."

"டியூட்டி நேரத்துல விளையாட்டா?"

"ஆமாங்க சார். தப்புதான். ஆரம்பிச்சு வச்சது நான்."

"இதைச் சொன்னா உன் வேலைக்கும் வினைன்னு தெரியுமா?"

"தெரியுங்க சார். மருதமுத்துவுக்குப் போன் போகல. அதைத்தான் எழுதிக்கணும்."

என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். நான் அந்த அறையில் பேசிய ஒரே வார்த்தை அதுதான். வெளியே வராந்தாவில் நீ எனக்காக நின்றாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். "நல்லா இருப்பா நீ" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நம் ஊரில் அதை வாழ்த்தாகவும் சொல்வார்கள், சாபமாகவும் சொல்வார்கள். நான் எதுவாகச் சொன்னேன் என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்?

மருதமுத்து ஒரே மாதத்தில் கேட்டுக்குத் திரும்பினார். என்னை ஆறு மாதம் வீட்டில் உட்கார வைத்து, பிறகு கூட்ஸ் ஷெட்டில் கணக்கு எழுத அனுப்பினார்கள். உன்னைத் தெற்கே கடைக்கோடிக்கு மாற்றினார்கள், பதவி உயர்வு அத்தோடு சரி. அங்கிருந்து வருடா வருடம் தை மாதம் பிறந்ததும் ஒரு தபால் கார்டு வரும். நலமா என்ற ஒரு சொல் இருக்காது. ஒன்பது எழுத்து, நடுவில் ஒன்றுக்கு வட்டம், அவ்வளவுதான். கார்டு வந்த அன்று எனக்கு வேறு வேலை ஓடாது. ஒளிந்துகொண்டு உட்கார்ந்து அத்தனை சொல்லையும் கண்டுபிடிப்பேன். பதில் போட்டதில்லை. பதினோரு வருடம் வந்தது, பிறகு நின்றது. நின்றதும் எனக்குக் கோபம் வந்தது, என்ன மனிதன் பார். மகன் கேட்டபோதெல்லாம், கூட இருந்தே காட்டிக்கொடுத்தான் ஒருத்தன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

உன் மகன் போன் செய்து சொன்ன அன்று நான் வரவில்லை. கருமாதிக்குத்தான் வந்தேன். பணி முடிந்து நீ திரும்பி வந்திருந்த அரியலூர் வீட்டுப் பந்தலில் ஓர் ஓரமாக நின்றேன். ஒரு கிழவர் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மருதமுத்து. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது என்னைப் பார்த்தால் கும்பிடுவார், நல்லா இருக்கீங்களா சார் என்பார். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து ம் என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். அன்று பந்தலில் சொன்னார்: "அன்னைக்கு நீங்க மட்டும் அந்த நோட்டைக் குடுத்து விடலைன்னா நான் மம்பட்டி தூக்கப் போயிருப்பேங்க சார். எல்லாத்தையும் சொல்லிருன்னு நீங்கதான் அனுப்பி வச்சீங்களாமே. நேர்ல சொல்ல உங்களுக்குக் கூச்சம்னு அவரு சொன்னாரு."

நீ அந்த ஆளிடம் இப்படி ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறாய். உன்னை அவ்வளவு கேவலமாகப் பேசினவனுக்கு ஒரு நல்ல பேரைச் சம்பாதித்து, அதை என்னிடமே சொல்லாமல் விட்டுவிட்டாய். உனக்கு என்னய்யா தலையெழுத்து? அன்றும் நான் மருதமுத்துவிடம் ம் என்றுதான் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

டார்ச் என்று வாய் சொன்ன அந்த வெங்காய நாளுக்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. நேற்று காலை மருதமுத்துவின் ஊருக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். பதறி எழுந்து, மருமகளைக் கூப்பிட்டு இன்னொரு நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். நோட்டை நான் கொடுக்கவில்லை. அவன் சொல்லாவிட்டால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன், உங்கள் வேலை போக விட்டிருப்பேன். நாட்காட்டித் தாளை எரித்ததைச் சொன்னேன். போனில் நான் உன்னிடம் சொன்ன அந்த வாக்கியத்தையும், வார்த்தை மாற்றாமல், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அவர் கடலையைக் கீழே வைத்துவிட்டார். தன் வேலையைப் பற்றியோ, கையைப் பற்றியோ, அந்த வாக்கியத்தைப் பற்றியோ அவர் கேட்கவில்லை.

"அப்ப அவருகூட நீங்க பேச்சு வார்த்தை இல்லீங்களா?"

"இல்லை."

"ஒரு தடவகூடவா?"

"இல்லை."

"நான் வருசா வருசம் பொங்கலுக்கு அவரு வூட்டுக்குப் போவேங்க. வாய்யான்னு கூப்பிட்டு உக்கார வச்ச உடனே, அவன் எப்படி இருக்கான்னுதான் மொதல்ல கேப்பாரு. பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், நல்லா இருக்காருன்னு சொல்லுவேன். எளைச்சிருக்கானா, கண்ணாடி போட்டிருக்கானா, இன்னும் அதே வேகமா நடக்குறானான்னு ஒவ்வொண்ணாக் கேப்பாரு. தெனம் பேசிக்கிற ஆளுங்களாச்சே, எங்கிட்ட எதுக்குக் கேக்குறாருன்னு நெனச்சுக்குவேன்." மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டார். "அதுக்குத்தான் பஸ் ஸ்டாண்டுல உங்களைத் தேடிப் பாத்து வச்சுக்குவேன் சார். பொங்கலுக்குப் போனா அவரு கேப்பாரேன்னு."

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். பஸ் வந்ததும், போயிட்டு வரேன் என்றேன். நம் பக்கத்தில் எதிரிக்குக்கூட வாங்க என்று பதில் சொல்லாமல் அனுப்புவதில்லை. மருதமுத்து சொல்லவில்லை. பஸ் கிளம்பும் வரை என்னைப் பார்த்தபடி நின்றார்.

சரிதான் அவர் செய்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து பெரம்பலூர் வரும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். எத்தனையோ எழுத்துகளைக் கலைத்துப் போட்டு எத்தனையோ சொல் எடுத்தவன், உனக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் எடுக்காமலே இருந்துவிட்டேன். அது கஷ்டமான சொல்லும் இல்லை, அகராதி பார்க்க வேண்டியதும் இல்லை.

நீ செஞ்சது சரி, பங்காளி. அன்னைக்கே எனக்குத் தெரியும்.